பெட்ரோலில் கலந்த கரும்பு

(உரைநடை)

நுழையும்முன்

பொங்கல் நாளில் வாசலில் நிற்கும் கரும்பு, இன்று சாலையில் ஓடும் வண்டிக்குள்ளும் எரிகின்றது. பெங்களூரில் நிரப்பப்படும் ஐந்து லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ ஒரு லிட்டர், வயலில் விளைந்த பொருளிலிருந்து வந்தது. அஃது அங்கு வந்தது எவ்வாறு? அதனால் காற்று தூய்மை அடைகின்றதா? அத்தூய்மைக்குக் கொடுக்கப்படும் விலை யாது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகின்றது.

பெங்களூரில் ஒரு தொடக்கம்

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், பெங்களூரின் துமகூரு சாலையிலுள்ள பன்னாட்டுப் பொருட்காட்சி மையத்தில் 'இந்திய ஆற்றல் வாரம்' என்னும் மாநாடு தொடங்கியது. அம்மேடையில் தலைமையமைச்சர் நரேந்திர மோடி புதிய எரிபொருள் ஒன்றை அறிமுகம் செய்தார். அதன் பெயர் 'இ20'. 80 பங்கு பெட்ரோலும் 20 பங்கு எத்தனாலும் சேர்ந்த கலவை அது. முதற்கட்டமாக 11 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் அமைந்த 84 பெட்ரோல் நிலையங்களில் அது விற்பனைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டில் நாடெங்கும் அதுவே பொதுவான பெட்ரோல் ஆயிற்று.

பெட்ரோலின் இயல்பைச் சீர்செய்வதற்காக அதனுடன் கலக்கப்படும் பொருளைச் சேர்பொருள் என்பர். எத்தனால் அத்தகைய சேர்பொருள்களுள் ஒன்று. எந்தச் சேர்பொருளையும் மதிப்பிட இரண்டு வினாக்கள் வேண்டும். அஃது எஞ்சினுக்கு என்ன தருகின்றது என்பது முதல் வினா. அதனால் காற்றிலும் மண்ணிலும் நீரிலும் என்ன நேர்கின்றது என்பது இரண்டாம் வினா. முதல் வினாவை மட்டும் கேட்டு இரண்டாவதைப் புறக்கணித்ததால் உலகம் நெடுங்காலம் துன்புற்றது. அது ஈயத்தின் வரலாறு.

ஈயம் கற்பித்த பாடம்

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்படுகின்றன. ஸ்பார்க் பிளக்கிலிருந்து தீப்பொறி எழும் கணத்தில்தான் அக்கலவை சீராக எரிதல் வேண்டும். ஒரு பகுதி கட்டுக்கடங்காமல் தானே வெடித்து எரியுமாயின், எஞ்சினிலிருந்து 'டக் டக்' என்னும் தட்டல் ஒலி கேட்கும். பழுதுநீக்குவோர் இதனை 'நாக்கிங்' என்பர். இதனால் எஞ்சினின் வலிமை குறையும், உறுப்புகள் தேயும். இத்தட்டலை எதிர்த்து நிற்கும் திறனை 'ஆக்டேன் எண்' காட்டுகின்றது. எண் உயர உயர, எரிபொருள் அழுத்தத்தைத் தாங்கும் திறனும் உயரும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி என்பவர், 1921ஆம் ஆண்டில் ஈயச் சேர்மம் ஒன்று இத்தட்டலை நிறுத்துவதைக் கண்டறிந்தார். அது டெட்ரா எத்தில் ஈயம் எனப்படும். எத்தனாலும் தட்டலைத் தடுக்கும் என்பதை அவ்வாய்வாளர்கள் முன்பே அறிந்திருந்தனர். எனினும் ஈயச் சேர்மம் மிகச் சிறிய அளவே போதுமானதாக இருந்தது, செலவும் குறைவு. ஆதலால் சந்தை அதனையே தேர்ந்தெடுத்தது. 1924ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்தில் அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் நஞ்சேறி இறந்தனர். அந்த எச்சரிக்கைக்குப் பின்னரும் ஈயப் பெட்ரோல் உலகெங்கும் பரவியது.

எஞ்சினுக்கு நன்மை செய்த ஈயம், புகையுடன் வெளியேறித் தெருப்புழுதியில் படிந்தது. அப்புழுதியில் விளையாடியவர்கள் சிறுவர்கள். ஈயம் மூளை வளர்ச்சியைத் தடுக்கும் நஞ்சு. கற்கும் ஆற்றலையும் நினைவாற்றலையும் குறைக்கக்கூடியது. வளரும் உடல் அதனை எளிதில் உறிஞ்சிக்கொள்வதால், முதியோரைவிடக் குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் அறக்கட்டளை, 1990களின் இறுதியில் பெங்களூர், சென்னை உள்ளிட்ட நகரங்களில் மக்களின் குருதியை ஆய்ந்தது. 12 வயதுக்குட்பட்ட சிறுவருள் பாதிக்கு மேற்பட்டோரிடம், அக்காலத்தில் வரம்பாகக் கொள்ளப்பட்ட அளவைவிட மிகுதியாக ஈயம் இருந்தது தெரியவந்தது. ஒரு டெசிலிட்டர் குருதியில் 10 மைக்ரோகிராம் என்பதே அவ்வரம்பு. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈய நஞ்சைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கும் பெங்களூரிலேயே கூடியது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் முதல் ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுவதும் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அதனைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. மிட்ஜ்லியின் கண்டுபிடிப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே கடந்தவை 100 ஆண்டுகள்.

ஈயத்திற்கு மாற்றாக வந்த சேர்பொருள்களும் சோதனைக்குத் தப்பவில்லை. அமெரிக்காவில் எம்.டி.பி.இ. என்னும் பொருளைப் பெட்ரோலில் கலந்தனர். அது புகையைக் குறைத்தது. ஆனால் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்து குடிநீரில் கலந்தது. 1996ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்தது. பின்னர் அம்மாநிலம் அப்பொருளைத் தடைசெய்து, எத்தனாலை ஏற்றுக்கொண்டது. மிட்ஜ்லியின் காலத்தில் கைவிடப்பட்ட எத்தனால், இவ்வாறு மீண்டும் பெட்ரோலை வந்தடைந்தது.

எத்தனால் தூய்மையாக எரிவது ஏன்?

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த பல சேர்மங்களின் கலவை. அது முழுமையாக எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் தோன்றும். முழுமையாக எரியப் போதிய ஆக்சிஜன் வேண்டும். சிக்னலில் நின்று நின்று நகரும் நகரப் போக்குவரத்தில் எரிதல் பல நேரங்களில் முழுமை பெறுவதில்லை. அப்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளியும், எரியாது எஞ்சிய ஹைட்ரோகார்பன்களும் புகையுடன் வெளியேறுகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் இணைந்து, உடலுக்கு ஆக்சிஜன் செல்வதைத் தடுத்துவிடும்.

எத்தனால் மூலக்கூறு ஒன்றில் இரண்டு கார்பன் அணுக்களும் ஆறு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. எடையில் ஏறத்தாழ 35 விழுக்காடு ஆக்சிஜனே. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனின் ஒரு பகுதியை அது தன்னுள்ளேயே கொண்டு வருகின்றது. வழிப்பயணத்திற்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்வதைப் போன்றது இது. ஆதலால் பெட்ரோலுடன் கலக்கும்பொழுது எரிதல் முழுமையை நெருங்குகின்றது. எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108. இந்தியாவில் வழக்கமாக விற்கப்பட்டுவந்த பெட்ரோலின் எண் 91. எனவே நஞ்சு எதனையும் சேர்க்காமலேயே அது தட்டலையும் தடுக்கின்றது.

2021ஆம் ஆண்டில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை இந்நன்மையை அளந்து காட்டுகின்றது. பெட்ரோலுடன் ஒப்பிட, இ20 எரிபொருளால் கார்பன் மோனாக்சைடு இருசக்கர வண்டிகளில் ஏறத்தாழ 50 விழுக்காடும், நான்கு சக்கர வண்டிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடும் குறைகின்றது. ஹைட்ரோகார்பன் 20 விழுக்காடு குறைகின்றது. பெங்களூரில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். ஆகவே இக்கணக்கு இந்நகரத்திற்கு மிகவும் பொருந்துவதாகும்.

கரும்பு வந்த வழி

தமிழர்க்குக் கரும்பு புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொண்டுவந்த செய்தியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் கூறுகின்றது. அதியமான் ஆண்ட தகடூர், பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்றால் வரும் இன்றைய தருமபுரியே. கரும்பைப் பிழியும் பொறிக்கு 'ஆலை' என்பது பெயர். காலப்போக்கில் அச்சொல்லே எல்லாத் தொழிற்கூடங்களையும் குறிக்கலாயிற்று. நூலாலை, இரும்பாலை, காகித ஆலை என்னும் சொற்களில் எல்லாம் பழைய கரும்பாலையின் நினைவு உறைந்துள்ளது.

பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் வழியில் மண்டியா அமைந்துள்ளது. கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய், காவிரி நீரை அப்பகுதியின் வறண்ட நிலங்களுக்குக் கொண்டுசென்றது. மைசூர் அரசின் வேளாண்மைத் துறைத் தலைவராக இருந்த கனடா நாட்டவர் லெஸ்லி கோல்மன், அங்குச் சர்க்கரை ஆலை அமைய முன்னின்று உழைத்தார். 1933ஆம் ஆண்டில் மைசூர் சர்க்கரை நிறுவனம் மண்டியாவில் தோன்றியது. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து 'பவர் ஆல்கஹால்' என்னும் எரிபொருளை, நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே அங்குத் தயாரித்தனர். 1948ஆம் ஆண்டில் நடுவண் அரசு இதற்கெனவே இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டத்தை இயற்றியது. ஆனால் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் அம்முயற்சி வலுவிழந்தது. அச்சட்டமும் 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

சாறு எரிபொருளாகும் முறை

எத்தனால் உருவாவது நொதித்தல் என்னும் செயலால் ஆகும். இட்லி மாவு இரவில் பொங்குவதும் நொதித்தலே. கரும்புச்சாற்றையோ கழிவுப்பாகையோ நீரால் நீர்க்கச்செய்து, அதில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்ப்பர். ஈஸ்டிலுள்ள நொதிகள் சர்க்கரையைச் சிதைத்து எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றுகின்றன. மக்காச்சோளம், உடைந்த அரிசி போன்றவற்றில் இருப்பது மாவுப்பொருள். ஆதலால் அதனை முதலில் சர்க்கரையாக மாற்றிய பின்னரே நொதிக்க வைக்க இயலும்.

நொதித்த நீர்மத்தைக் காய்ச்சி வடித்தால் ஏறத்தாழ 95 விழுக்காடு எத்தனால் கொண்ட எரிசாராயம் கிடைக்கும். எத்துணை முறை வடித்தாலும் எஞ்சிய நீர் எளிதில் பிரிவதில்லை. நீருடன் கூடிய எத்தனாலைப் பெட்ரோலில் கலந்தால் கலவை தெளியாது. எனவே நீர் மூலக்கூறுகளை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் 'மூலக்கூற்றுச் சல்லடை' வழியாக அதனைச் செலுத்தி, 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட தூய்மைக்குக் கொண்டுவருவர்.

எத்தனால் நீரை விரும்பும் பொருள். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். இவ்வியல்பே அதன் பயணத்தை முடிவுசெய்கின்றது. மங்களூரிலிருந்து ஹாசன் வழியாகவும், சென்னையிலிருந்தும் பெட்ரோல் நீண்ட குழாய்கள் மூலம் பெங்களூர்ப் பகுதிக்கு வருகின்றது. எத்தனாலோ டேங்கர் லாரிகளில் தனியாகக் கொண்டுவரப்படுகின்றது. ஒயிட்ஃபீல்டைக் கடந்துள்ள தேவனகொந்தி போன்ற எண்ணெய்க் கிடங்குகளில்தான் இரண்டும் ஒன்றாகக் கலக்கின்றன. அங்கிருந்து பெட்ரோல் நிலையங்களுக்குச் செல்வது கலந்த எரிபொருளே.

ஐந்திலிருந்து இருபதுவரை

2001ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் மிராஜ், மன்மாட் ஆகிய ஊர்களிலும் உத்தரப்பிரதேசத்தின் ஆவ்லாவிலும் சோதனை முயற்சிகள் நடந்தன. 2003ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாடு, கருநாடகம் உள்ளிட்ட 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. எனினும் போதிய எத்தனால் கிடைக்கவில்லை. 2013-14இல் கலப்பு அளவு 1.53 விழுக்காடாகவே இருந்தது. 2018ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை, கரும்புச்சாறு, கெட்டுப்போன தானியம் போன்றவற்றையும் மூலப்பொருளாக ஏற்றது. அதன்பின் ஏற்றம் விரைவாயிற்று. 2022ஆம் ஆண்டு சூனில் 10 விழுக்காடும், 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காடும் எட்டப்பட்டன. 20 விழுக்காட்டை அடைய முதலில் குறித்த ஆண்டு 2030.

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேலாக வெளிநாடுகளிலிருந்து வாங்குகின்றது. எத்தனால் கலப்பதால் 2014-15 முதல் 2025 வரை 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அந்நியச் செலாவணி மிச்சமானதாக நடுவண் அரசு கணக்கிட்டுள்ளது. கரும்பு வளரும்போது காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்கின்றது. அதன் எத்தனால் எரியும்போது அதையே காற்றுக்குத் திருப்பித் தருகின்றது. பெட்ரோலோ, பல கோடி ஆண்டுகளாக நிலத்தடியில் உறைந்திருந்த கார்பனைப் புதிதாகக் காற்றில் சேர்க்கின்றது. விளைவித்தல் முதல் எரித்தல் வரை அனைத்தையும் கணக்கிட்டால், கரும்பு எத்தனால் வெளியிடும் பசுங்குடில் வளிகள் பெட்ரோலைவிட ஏறத்தாழ 65 விழுக்காடும், மக்காச்சோள எத்தனாலுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடும் குறைவு என அரசு கூறுகின்றது.

நாணயத்தின் மறுபக்கம்

நன்மைகளைக் கண்டபின், ஈயத்தின் வரலாறு கற்பித்த இரண்டாம் வினாவை எத்தனாலிடமும் கேட்டல் வேண்டும்.

முதலாவது, வண்டி ஓடும் தொலைவு. ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே பழைய எஞ்சின்களில் இ20 நிரப்பினால், இருசக்கர வண்டிகளின் எரிபொருள் திறன் 3 முதல் 4 விழுக்காடும், கார்களின் திறன் 6 முதல் 7 விழுக்காடும் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய ஸ்கூட்டர் 48 கிலோமீட்டர் ஓடும். நாள்தோறும் வண்டியோட்டிப் பிழைப்போர்க்கு இது சிறு இழப்பன்று. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலால் விரைவில் கெடக்கூடும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகள் இ20 எரிபொருளைத் தாங்கும் உறுப்புகளுடன் வருகின்றன. பழைய வண்டி வைத்திருப்போர்க்கு எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை, உச்சநீதிமன்றம் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் தள்ளுபடி செய்தது.

இரண்டாவது, புகை. கார்பன் மோனாக்சைடு குறைந்தாலும், நைட்ரஜன் ஆக்சைடுகளில் தெளிவான குறைவு காணப்படவில்லை. அசிட்டால்டிஹைடு என்னும் பொருளோ எத்தனால் எரிவதால் சிறிது கூடுகின்றது. 'தூய்மையாக எரிகின்றது' என்பதற்கு 'மாசே இல்லை' என்பது பொருளன்று. 'பெட்ரோலைவிட மாசு குறைவு' என்பதே பொருள்.

மூன்றாவது, நீர். இதுவே இப்பகுதி மக்கள் ஆழ்ந்து எண்ண வேண்டியது. ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் நொதிக்க வைத்தால் ஏறத்தாழ 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும். அக்கரும்பை விளைவிக்கத் தேவைப்படும் நீரைக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2860 லிட்டர் நீர் செலவாகின்றது என்கிறது நிதி ஆயோக் அறிக்கை. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்தியாவில் கொள்ளப்படும் அளவு. நால்வர் வாழும் வீட்டிற்கு நாளொன்றுக்கு 540 லிட்டர். அவ்வாறாயின், கரும்பிலிருந்து எடுத்த ஒரு லிட்டர் எத்தனாலுக்குள் அவ்வீட்டின் ஐந்து நாள் நீர் அடங்கியிருக்கின்றது.

பெங்களூருக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவரப்படுகின்றது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் டேங்கர் நீருக்குக் காத்திருந்தனர். மண்டியாவின் கரும்புக்கும், பெங்களூரின் குழாய்க்கும், தஞ்சையின் நெல்லுக்கும் நீர் தருவது ஒரே காவிரி. ஆகவே எத்தனால் கணக்கு, எஞ்சினோடு முடிவதன்று. ஆற்றையும் அது தொடுகின்றது.

நான்காவது, உணவு. 2023ஆம் ஆண்டில் மழை குறைந்து கரும்பு விளைச்சல் தளர்ந்தபொழுது, சர்க்கரைத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று அஞ்சிய நடுவண் அரசு, கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அவ்வாண்டு டிசம்பரில் கட்டுப்படுத்தியது. தேவை மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பியது. ஒரு டன் மக்காச்சோளம் ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனால் தரும். கரும்பைவிட அதற்குத் தண்ணீரும் குறைவு. தாவணகெரே, ஹாவேரி மாவட்ட உழவர்கள் அதனை மிகுதியாக விளைவிக்கின்றனர். அவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் கோழித் தீவனத்தின் முதன்மைப் பொருளும் மக்காச்சோளமே. நாமக்கல் போன்ற ஊர்களின் கோழிப்பண்ணையாளர்க்கு அவ்விலையேற்றம் சுமையாயிற்று. ஒருவர்க்கு வரவாவது மற்றொருவர்க்குச் செலவாகின்றது.

செய்யத்தக்கது

இக்குறைகளால் எத்தனாலைப் புறந்தள்ள வேண்டும் என்பது கருத்தன்று. எதிலிருந்து எடுக்கின்றோம் என்பதைப் பொறுத்தே அதன் நன்மை அமைகின்றது. கழிவுப்பாகிலிருந்து எடுத்தால் ஒரு டன் கரும்புக்கு ஏறத்தாழ 10 லிட்டரே கிடைக்கும். ஆனால் சர்க்கரையும் கிடைத்துவிடுகின்றது. கரும்புக்கெனத் தனியாக நீர் செலவிட வேண்டியதில்லை. அறுவடைக்குப்பின் எஞ்சும் வைக்கோலிலிருந்து எடுப்பது இன்னும் சிறந்தது. அரியானாவின் பானிப்பட்டில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை ஒன்று இதற்கெனத் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் நோக்கம். வயலில் எரிக்கப்பட்டு வட இந்திய நகரங்களின் வானத்தை மறைத்த வைக்கோல், அங்கு எரிபொருளாகின்றது. இம்முறைக்குச் செலவு மிகுதி. வைக்கோலின் உறுதியான நாரைச் சர்க்கரையாகச் சிதைப்பது எளிதன்று என்பதே காரணம்.

ஈயத்தைப் பெட்ரோலில் சேர்த்தபொழுது உலகம் எஞ்சினின் ஒலியை மட்டும் கேட்டது. தெருவில் விளையாடிய குழந்தையின் குருதியைச் சோதித்துப் பார்க்க நெடுங்காலம் ஆயிற்று. எத்தனால் ஈயத்தைப் போன்ற நஞ்சன்று. நகரத்தின் மூச்சுக்கு அது நன்மையே செய்கின்றது. ஆயினும் அந்நன்மை, சைலன்சரின் வாயில் மட்டும் அளக்கப்பட்டால் போதாது. கரும்பு நின்ற வயலிலும், அதற்குப் பாய்ந்த ஆற்றிலும் அளக்கப்பட வேண்டும். அவ்வாறு அளக்கத் தெரிந்த தலைமுறையே நல்ல எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும்.

தெரிந்து தெளிவோம்

பெட்ரோலில் ஓடும் வண்டிகளுக்குப் புகைச் சோதனை செய்து வழங்கும் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகிய இரண்டின் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அருகில் அவற்றிற்குரிய உச்சவரம்பும் இருக்கும். அளவு வரம்பைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே வண்டி தேர்ச்சி பெறும்.

சொல்லும் பொருளும்

சேர்பொருள் – இயல்பைச் சீர்செய்யக் கலக்கப்படும் பொருள்
கழிவுப்பாகு – சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரிய பாகு
நொதித்தல் – நுண்ணுயிரால் ஒரு பொருள் சிதைந்து வேறொன்றாதல்
எரிசாராயம் – சிறிது நீர் கலந்த எத்தனால்
குருதி – இரத்தம்
அந்நியச் செலாவணி – வெளிநாட்டு வணிகத்திற்குப் பயன்படும் பிற நாட்டுப் பணம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு

மொழியை அறிவோம்

தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் பகர ஒலியில் தொடங்கும். கரும்பிலிருந்து வரும் வெல்லம் கன்னடத்தில் 'பெல்ல' எனப்படும். வேர் – பேரு, வெள்ளி – பெள்ளி, விரல் – பெரளு ஆகியனவும் இவ்வாறு அமைந்தவையே. இவற்றில் பகரம், 'அம்பு' என்னும் சொல்லில் வருவதைப் போல மெலிந்து ஒலிக்கும்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இ20 எரிபொருளில் எத்தனாலின் அளவு
அ) 2 விழுக்காடு ஆ) 10 விழுக்காடு இ) 20 விழுக்காடு ஈ) 80 விழுக்காடு

2. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்ட ஆண்டு
அ) 1948 ஆ) 1996 இ) 2000 ஈ) 2021

3. 'ஆலை' என்னும் சொல் முதலில் குறித்தது
அ) நூல் நூற்கும் பொறி ஆ) கரும்பு பிழியும் பொறி இ) இரும்பு உருக்கும் உலை ஈ) எண்ணெய்க் கிடங்கு

ஆ. குறுவினாக்கள்

1. ஆக்டேன் எண் எதனைக் காட்டுகின்றது?
2. எத்தனாலைப் பெட்ரோலுடன் குழாயில் அனுப்பாமல் தனியாகக் கொண்டுவருவது ஏன்?
3. அதியமானின் முன்னோரைப் பற்றிப் புறநானூறு கூறும் செய்தி யாது?

இ. சிறுவினாக்கள்

1. எத்தனால் தூய்மையாக எரிவதற்குரிய காரணத்தை விளக்குக.
2. கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுப்பதற்கும் கரும்புச்சாற்றிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

ஈ. நெடுவினா

"சேர்பொருளின் நன்மையை எஞ்சினில் மட்டும் அளந்தால் போதாது." ஈயம், எத்தனால் ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு இக்கூற்றை விளக்குக.

உ. செயல்பாடுகள்

1. உங்கள் வீட்டு வண்டியின் புகைச் சோதனைச் சான்றிதழைப் பெற்றோரிடம் கேட்டுப் பெறுக. அதிலுள்ள இரண்டு அளவுகளையும் அவற்றின் வரம்புகளையும் அட்டவணையாக எழுதுக.
2. உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவ்வூரில் கரும்பு பயிரிடப்பட்டதா, அதற்கு நீர் எங்கிருந்து வந்தது, இன்று அங்கு என்ன விளைகின்றது என்பவற்றைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.
3. வகரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொற்களுக்கு நிகரான கன்னடச் சொற்கள் ஐந்தனை உங்கள் கன்னட நண்பர்களிடம் கேட்டுத் தொகுக்க.